சனிக்கிழமைப் பொம்மர்

இல்லைத் தம்பி, உண்மையான குண்டு போடுறேல்லை. ஆர் உமக்கு அப்பிடிச் சொன்னது? மண்ணுக்குள்ளை வெடி புதைச்சு வச்சிருப்பாங்கள். மேலை பொம்மர்ப் பிளேன் வரேக்கை கீழை ஒருத்தன் பொத்தானை அமத்துவான். டமார் எண்டு மண் எழும்பும், கறுப்புப் புகை வரும். பாக்கிற சனத்துக்கு மேலையிருந்து ஏதோ விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிளேனும் அந்தக் காலத்துப் பிளேன் இல்லை. சாதாரணச் சின்னப் பிளேனைப் பிடிச்சு, பழைய படங்களைப் பாத்து, அதே மாதிரிச் செட்டையும் மூக்கும் வச்சு, பெயின்ற் அடிச்சு விட்டிருக்கிறாங்கள். ஒரு பக்கம் இங்கிலீசுக்காரன்ர பிளேன், மற்றப் பக்கம் ஜேர்மன்காரன்ர. ரெண்டுக்குள்ளையும் இருக்கிறது இந்த ஊர் வெள்ளைக்காரன்தான். ஒருத்தன் பல் டாக்குத்தர், மற்றவன் வீடு விக்கிறவன். வெள்ளிக்கிழமை வரைக்கும் கோட்டு சூட்டு. சனிக்கிழமை விடிஞ்சா உலக யுத்தம்.

ஏன் செய்யிறாங்களோ? நல்ல கேள்விதான். வெண்டவங்கள் எல்லோ தம்பி. தோத்தவன் ஆரும் திருப்பி நடிச்சுப் பாப்பானோ? வந்து பாரும், குடும்பம் குடும்பமா மடிக்கிற கதிரையோடை வருவாங்கள். சான்விச், பியர், நாய்க்குட்டி, எல்லாம் வரும். பொம்பிளையள் அந்தக் காலத்துச் சட்டை போட்டு, தலையைச் சுருட்டி, சிவப்பா உதட்டுக்குப் பூசிக்கொண்டு வருவினம். முசுப்பாத்தியான சனம்.

உமக்குப் பிளேன் ஓட்டுற வேலை இல்லை, பயப்படாதையும். ஓடுற வேலை. வயலுக்கு நடுவில பலகையில ரெண்டு மூண்டு வீடு அடிச்சு வச்சிருக்கு, ஒரு சின்னக் கிராமம் மாதிரி. பொம்மர் வரேக்கை அந்த வீட்டுக்குள்ளையிருந்து வெளிக்கிட்டு ஓடவேணும். அவ்வளவுதான் வேலை. காசுக் கதையைப் பேந்து கதைப்பம், அதில நான் குறை விடமாட்டன். இந்தக் கிருஷ்ணராசாவைப் பற்றி இல்ஃபோர்டில ஆரிட்டையும் கேட்டுப் பாரும்.

உமக்கு முதல் அதைச் செய்தவர் அருட்பிரகாசம் எண்டு ஒராள். மன்னார்ப் பக்கம், வேதக்காரர். ஊரில நெல்லு மில் வச்சிருந்தவர். ரெண்டாயிரமாம் ஆண்டோடை மனுசியும் தானுமா இஞ்சை வந்து சேந்தவை. மனுசிக்குப் பேர் இம்மாகுலேற். ஹவுன்ஸ்லோவில ஒரு அறை எடுத்து இருந்தவை. தலைக்கு மேலாலைதான் ஹீத்ரோவுக்கு இறங்கிற பிளேன் எல்லாம் போகும். உதுக்குள்ளை எப்பிடியண்ணை நித்திரை கொள்ளுறியள் எண்டு நான் ஒருக்காக் கேட்டன். உது சனத்தை ஏத்திக்கொண்டு வாறது, சத்தம் வேறை எண்டார். அப்பிடியான மனுசன். தேவையில்லாமல் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார். என்ர கொம்பனியில ஷிப்டுக்கு ஒருநாள் பிந்தி வந்ததில்லை. ஞாயிறு தவறாமல் பூசை.

மூண்டு வருசத்துக்கு முதல் அந்த ஷோவுக்குக் கார் பார்க் பாக்கிற கொன்ராக்ட் எனக்குக் கிடைச்சது. ஏழெட்டுப் பேரோடை இவரையும் வான் வண்டியில ஏத்திக்கொண்டு போனன். மஞ்சள் ஜக்கெற் போட்டு வயல் வாசலில விட்டன். என்ன ஷோ எண்டு சொல்லேல்லைத்தான். முதலே சொன்னா ஆர் வருவினம்? எனக்கு அண்டைக்கு ஆள் பத்தாது.

பின்னேரம் அந்த ஜேர்மன் பொம்மர் வந்துது. அது குத்தெனக் கீழை இறங்கேக்கை ஒரு ஊளைச் சத்தம் வரும். அது பிளேனிலயிருந்து வாறேல்லை, கீழை ஸ்பீக்கரில போடுறவங்கள். எண்டாலும் உடம்பைக் கூசப் பண்ணும். சனம் எல்லாம் அண்ணாந்து கமெராவைத் தூக்குது. எங்கட ஆள் என்ன செய்தார் எண்டு நினைக்கிறீர்? படுங்கோ, எல்லாரும் படுங்கோ எண்டு தமிழில கத்திக்கொண்டு ஓடி வந்தார். வழியில ஐஸ்கிறீம் தின்னுகொண்டு நிண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அதைப் பிடிச்சு விழுத்தி, அதுக்கு மேலை தான் கவிண்டு படுத்திட்டார்.

நானும் ஓடினன். கிழவிக்கு ஏதும் எண்டா கொம்பனி போச்சு எல்லோ. கிழவி எழும்பிச்சுது. சட்டையெல்லாம் மண், முகமெல்லாம் ஐஸ்கிறீம். சிரிக்குது தம்பி! இதுவும் ஷோ எண்டு நினைச்சுட்டுது. சுத்தி நிண்ட சனமும் அப்பிடித்தான் நினைச்சுது. கை தட்டினாங்கள். விசில் அடிச்சாங்கள். இவர் எழும்பேல்லை. நானும் இன்னொரு பெடியனும் ரெண்டு கக்கத்திலயும் பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் வானுக்குள்ளை இருத்தினம். காற்சட்டை நனைஞ்சு போய் இருந்தது. ஒண்டுதான் கேட்டார். எத்தினை பேர் செத்தது எண்டு.

நான் சிரிச்சுப்போட்டன். என்ன செய்யிறது, அடக்க ஏலேல்லை.

அண்டைக்குப் பின்னேரமே டெனிஸ் என்னைத் தேடி வந்திட்டான். டெனிஸ்தான் அந்த ஷோவை நடத்திற வெள்ளைக்காரன். நல்ல மனுசன், சரியான விசரன். அந்த மஞ்சள் ஜக்கெற்காரன் எனக்கு வேணும் எண்டான். என்னட்டை நடிக்கிற பெடியள் இருக்கிறாங்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி ஓடுறாங்கள், இந்த மனுசன் ஓடினதுதான் ஓட்டம் எண்டான். ஆள் கறுப்பு எல்லோ, இங்கிலாந்துக் கிராமத்தில எப்பிடி எண்டு நான் கேட்டன். தொப்பியைப் போட்டு முகத்தில கரியைப் பூசினா தூரத்தில எல்லாரும் ஒண்டுதான் எண்டான்.

அருட்பிரகாசம் ஏலாது எண்டிட்டார். அந்தக் கிழமை வேலைக்கும் வரேல்லை. மனுசி போன் எடுத்துது, சப்பாத்தைக் கழட்டாமல் படுக்கிறார் எண்டு. சரி, ஆள் முடிஞ்சுது எண்டு நினைச்சன். பாத்தா அடுத்த கிழமை தானாத் தேடி என்ர ஒஃபிசுக்கு வாறார். சேவ் எடுத்து, தலை இழுத்து, வடிவா. அந்த வேலையை நான் செய்யிறன் எண்டார். ஏன் எண்டு கேட்டன். ஓடலாம்தானே எண்டார்.

எனக்கு அப்ப விளங்கேல்லை. பேந்து, போக வர வானுக்குள்ளை அவர் துண்டு துண்டாச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவையளுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கு. றொசானா. ஒரேயொரு பிள்ளை. ஒருநாள் காலமை பொம்மர் வந்திருக்கு. மனுசி கிணத்தடியில. இவரும் பிள்ளையும் மில்லு வளவுக்குள்ளை. படு எண்டு கத்திப்போட்டு இவர் படுத்திட்டார். பிள்ளையும் படுத்ததுதான். முதல் குண்டு தள்ளி விழுந்துது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை எழும்பி ஓடத் துவங்கிச்சுது. ஏன் ஓடிச்சுது, எங்கை ஓடிச்சுது, ஒருத்தருக்கும் தெரியாது. பயத்தில ஓடினதுதானே. இவர் தலையைத் தூக்கிப் பாத்திருக்கிறார். பிள்ளையின்ர குதிக்கால் தெரியுது. எழும்பி ரெண்டு எட்டு வச்சா எட்டிப் பிடிக்கலாம். மற்றப் பொம்மர் தாழப் பதியிற சத்தம் கேக்குது. உடம்பு எழும்பேல்லைத் தம்பி எண்டார். நான் எழும்பு எண்டு சொல்லுறன், உடம்பு எழும்பேல்லை. தலையை இரண்டு கையாலையும் மூடிக்கொண்டு நிலத்துக்குள்ளை முகத்தைப் புதைச்சிட்டன் எண்டார்.

கிணத்தடியிலயிருந்து இம்மாகுலேற் ரெண்டையும் கண்டிருக்கு. பிள்ளை ஓடுறதையும், இவர் படுத்துக் கிடக்கிறதையும்.

அதுக்குப் பிறகு அந்த மனுசி அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னதில்லையாம். ஏசேல்லை, அடிக்கேல்லை, ஒண்டும் இல்லை. சமைக்கும், குடுக்கும், அரிசி முடிஞ்சுது எண்டு சொல்லும், கரண்ட் பில் வந்திருக்கு எண்டு சொல்லும். அவ்வளவுதான் கதை. இஞ்சை வந்து அந்தச் சின்ன அறைக்குள்ளையும் அப்பிடித்தான் இருந்திருக்கினம்.

தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது. உமக்கு இதெல்லாம் கேக்க ஒரு மாதிரி இருக்கும். வன்னியிலயிருந்து வந்தனீர், உமக்குப் புதுக் கதை இல்லைத்தானே.

டெனிஸ் இவருக்குச் சொல்லிக் குடுத்தது என்ன? வீட்டுக்குள்ளையிருந்து வெளிக்கிடு, ஓடு, ரெண்டாவது வெடிக்கு விழு, பிளேன் போகுமட்டும் கிட. முதல் சனிக்கிழமை மனுசன் விழேல்லை. ரெண்டாவது வெடியையும் தாண்டி ஓடினார். வெறும் புல்லுத் தரை. அங்கை போய்க் குனிஞ்சு, ஒண்டும் இல்லாத நிலத்துக்கு மேலை ஓடி விழுந்து, கையைக் காலை விரிச்சு மூடிக்கொண்டு கிடந்தார். சனம் தட்டிச்சுது பாரும் கை.

டெனிஸ் உடனை பிடிச்சிட்டான். அடுத்த கிழமை ஒரு பெரிய பொம்மை கொண்டந்து அந்த இடத்தில வச்சான். அவன்ர மனுசி அதுக்குச் சிவப்புக் கோட்டுத் தைச்சுப் போட்டிருந்தது. தூரத்தில நிண்டு பாத்தா, அசல் பிள்ளைதான். இவர் அதைக் கண்ட உடனை திரும்பிப் போயிடுவார் எண்டு நான் நினைச்சன். இல்லை. ஓடினார், மூடினார். புகை அடங்க அதைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு நடந்து வந்தார். டெனிஸ் சொல்லிக் குடுக்காத விசயம் அது. வெள்ளைக்காரச்சியள் எல்லாம் மூக்கைச் சீறி அழுதினம்.

அந்தச் சம்மரில மனுசன் மாறின மாறலை நீர் பாத்திருக்கவேணும். சாப்பிடத் துவங்கினார். வானுக்குள்ளை கோயில் பாட்டுப் பாடுவார். மழை வந்து ஷோவை நிப்பாட்டினா அண்டைக்கு முகத்தைப் பாக்க ஏலாது. யோசிச்சுப் பாரும், கிழமைக்கொருக்காப் பிள்ளையைக் காப்பாத்துறார். சனிக்கிழமை பிள்ளை பிழைக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். ஆருக்குக் கிடைக்கும் அப்பிடி? பொம்மையைத் திருப்பிக் குடுக்கிறதுதான் கரைச்சல். சாமான் பாக்கிறவன் வந்து கேட்டா, கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ எண்டுவார். பொம்மையின்ர கோட்டில ஒட்டின மண்ணைத் தட்டித் தட்டிக்கொண்டு நிப்பார்.

வீட்டில சொல்லேல்லை. கார் பார்க் வேலை எண்டுதான் மனுசிக்குச் சொல்லியிருக்கிறார்.

டெனிஸுக்கு ஒரு யோசினை வந்துது. பேப்பர்க்காரர் வருகினம், உன்ர ஆளின்ர குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வா, ஒரு படம் எடுப்பம் எண்டான். நான் போய் இம்மாகுலேற்றைக் கூட்டிக்கொண்டு வந்தன். உங்கட அவர் செய்யிற வேலையை ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா, சனம் கை தட்டும் எண்டன். மனுசி சீலை கட்டி, மேலை ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்துது. முன் வரிசையில எனக்குப் பக்கத்தில இருந்துது. ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தன், வேண்டாம் எண்டு சொல்லாமல் கையில பிடிச்சுக்கொண்டு இருந்துது.

பொம்மர் வந்துது. இவர் ஓடினார். அண்டைக்கு வழக்கத்தையும் விடத் திறமா ஓடினார். விழுந்து மூடினார், தூக்கிக்கொண்டு வந்தார். சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. மனுசி இருந்த இடத்திலயே இருந்து கேட்டுது, உதைக் கிழமைக்குக் கிழமை செய்யிறவரோ எண்டு. ஓமக்கா எண்டன்.

எழும்பிப் போச்சுது. சனத்தை மறிச்சுக் கட்டின கயித்தடியில போய் நிண்டுது. இவர் பொம்மையைத் தோளில சாத்திக்கொண்டு வாறார், மனுசியைக் கண்டிட்டார். என்ன செய்தார் தெரியுமோ? சிரிச்சார். பள்ளிக்கூடத்தில பரிசு எடுத்த பிள்ளை தாயைக் கண்டு சிரிக்கிற மாதிரி. முகமெல்லாம் கரி, பல்லு மட்டும் தெரியுது. மனுசி அவரை வடிவாப் பாத்துச் சொல்லிச்சுது:

பொம்மைக்கெண்டா எழும்ப ஏலுது.

அவ்வளவுதான். கத்தேல்லை, அழேல்லை. அவரின்ர தோளிலயிருந்து பொம்மையை வாங்கி, கோட்டை இழுத்துச் சரிப்பண்ணி, பக்கத்தில நிண்ட டெனிஸின்ர கையில குடுத்து, தாங்க் யூ எண்டுது. டெனிஸ் என்னைப் பாத்து, என்ன சொல்லுறா எண்டு கேட்டான். தன்ர மனுசன் நல்லா ஓடினவராம் எண்டு சொல்லுறா எண்டன். அவனுக்குச் சரியான சந்தோசம். மூண்டு பேரையும் நிப்பாட்டிப் படம் எடுத்தாங்கள்.

இல்லை, சண்டை ஒண்டும் பிடிக்கேல்லை. திரும்பி வரேக்கை ரெண்டு பேரும் வானில பக்கத்துப் பக்கத்து சீற்றில இருந்தவை.

அடுத்த சனிக்கிழமை பாங்க் ஹொலிடே வீக்கெண்ட், திங்களும் லீவு. பெரிய ஷோ, வயல் முட்டச் சனம். எனக்கு வேறை ஆளில்லை. அவரை ஏத்தப் போனன், வாசலில வெளிக்கிட்டு நிண்டார். வானுக்குள்ளை பாட்டு இல்லை. நானும் கேக்கேல்லை.

வெளிக்கிட்டு ஓடினார். முதலாவது வெடி, ரெண்டாவது வெடி, பொம்மையடிக்கு வந்திட்டார். ஓடி விழவேணும் எல்லோ, விழேல்லை. நிண்டிட்டார். பொம்மைக்குப் பக்கத்தில கையைக் கீழை விட்டுக்கொண்டு, பிளேனை அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறார். மூண்டாவது வெடி அந்த இடத்துக்கு நல்ல கிட்ட. படுத்துக் கிடக்கிற ஆளுக்கு மேலாலை போற மாதிரித்தான் வச்சிருக்கு. பொத்தான் பிடிச்சவன் பொம்மரைப் பாக்கிறான், இவரைப் பாக்கேல்லை. அமத்திட்டான்.

சனம் அண்டைக்குத் தட்டின மாதிரி ஒருநாளும் கை தட்டேல்லைத் தம்பி. அம்புலன்ஸ் வரேக்கையும் தட்டினாங்கள். அதையும் பழைய அம்புலன்ஸ் எண்டு நினைச்சுப் படம் எடுத்தாங்கள்.

சாகேல்லை, சாகேல்லை. உயிரோடை இருக்கிறார். ஒரு கால் இழுத்துத்தான் நடப்பார். காது ரெண்டும் கேளாமல் போச்சுது. கவுன்சில் கீழ் வீடு குடுத்திருக்கு. நான் இடைக்கிடை போய்ப் பாக்கிறனான், பாக்காமல் விடுறேல்லை. ஒரு புதினம் தெரியுமோ? இப்பதான் இம்மாகுலேற் வாய் துறந்து கதைக்குது. காது கேளாத மனுசனோடை! விடியத் துவங்கினா விடாது. ஒருநாள் நான் போகேக்கை கதவு நீக்கலாக் கிடந்தது. நிண்டு கேட்டன். சோறு குழைச்சுத் தீத்திக்கொண்டு சொல்லுது, ரெண்டு எட்டுத்தானே, ரெண்டே ரெண்டு எட்டு, என்ர பிள்ளை உன்னைத் திரும்பிப் பாத்தது, நீ காணேல்லை, நான் கண்டனான், திரும்பிப் பாத்தது எண்டு. நல்ல மெதுவா, பிள்ளைக்குக் கதை சொல்லுற மாதிரி. அவர் மனுசியின்ர முகத்தைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு ஆ காட்டுறார். தன்னோடை மனுசி திருப்பிக் கதைக்குது எண்ட சந்தோசம் அவருக்கு.

நான் கதவைத் தட்டாமல் வந்திட்டன்.

உமக்கு அப்பிடி ஒண்டும் நடக்காது. இப்ப வெடியெல்லாம் தள்ளித்தான் வைக்கிறாங்கள், இன்சூரன்ஸ்காரன் வந்து அளந்து பாத்தவன். நீர் விழச் சொன்ன இடத்தில விழுவீர், எனக்கு உம்மில நம்பிக்கை இருக்கு. போன வருசம் டெனிஸ் நடிக்கப் படிச்ச பெடியளை வச்சுப் பாத்தான், சரிவரேல்லை. சனம் கதிரையை மடிச்சுக்கொண்டு வெள்ளனவே எழும்பிப் போச்சுது. பொம்மையும் இனிச் சரிவராதாம், புதுசா ஒரு பெரிய திரை வைக்கப்போறாங்களாம், அதில முகம் கிட்டத் தெரியுமாம்.

உண்மையைச் சொன்னா நான் உம்மைப் பாத்து வரேல்லைத் தம்பி. பொங்கலுக்கு லூயிஷாம் சிவன் கோயிலுக்கு வந்தனான். வெளியில சனம் நிக்கேக்கை பொலிஸ் ஹெலிகொப்ரர் ஒண்டு தாழப் பதிஞ்சு போச்சே, ஞாபகமோ? எல்லாரும் அண்ணாந்து பாத்தவை. உம்மட பிள்ளை ஒராள்தான் படுத்தது. புதுப் பாவாடையோடை, அந்த ஈரத்துக்குள்ளை. நான் பக்கத்தில நிண்டனான். முழங்கையை ஊண்டி, நெஞ்சு நிலத்தில படாமல், காது ரெண்டையும் பொத்தி, வாயைத் துறந்து வச்சுக்கொண்டு. என்ன கச்சிதம்! அங்கை பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுத்ததோ? டெனிஸிட்டை அண்டைக்கே சொல்லிப்போட்டன். சின்னப் பிள்ளையளை நடிக்க விட எடுக்கிற பேப்பர் வேலையெல்லாம் தானே பாக்கிறன் எண்டவன். காதுக்குப் பஞ்சும் குடுப்பாங்கள்.

ஏன் எழும்பினனீர்? இரும், இரும். ஆள் உள்ளுக்கைதானே? கோசிகாவோ பேர்? கூப்பிடுமன் ஒருக்கா. நான் சொக்லேற் கொண்டந்தனான்.